விறகு அடுப்பு மக்கர் செய்கிறதா? கோளாறு பார்த்துச் சரிசெய்யும் வழி

குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம், எங்கள் தெரு அடுக்களைகளுக்கு மட்டும் கேடுகாலம். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கி அடிக்கும். கூடவே நாள் முழுக்கச் சாரல். விறகு நமுத்துப்போகும், வெளியே போகவேண்டிய புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். ஆனி, ஆடி இரண்டு மாதமும் யாராவது ஒருவர் வாசலில் நின்று, "தம்பி, அடுப்ப ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்" என்பார்கள்.

எல்லார் வீட்டிலும் 14.2 கிலோ சிலிண்டர் இருக்கிறது. ஆனால் தென்னந்தோப்பில் மட்டையும் சிரட்டையும் (கொட்டாங்கச்சி) கதம்பையும் (தேங்காய் உரிமட்டை) சும்மா கிடக்கும்போது வெந்நீர் போடவும் உலை வைக்கவும் நெல் அவிக்கவும் யாருக்கு கேஸைச் செலவழிக்க மனசு வரும்? அதனால் அடுப்பும் ஓயவில்லை, எனக்கு வேலையும் ஓயவில்லை.

நான் கொத்தனார் இல்லை. பல வீட்டு அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கண் எரிந்ததில் வந்த பழக்கம் இது. பத்து வீட்டுக்குப் போனால் ஒரு வீட்டில்தான் உண்மையிலேயே கொத்தனாருக்கு வேலை இருக்கும். மற்ற ஒன்பதிலும் விறகு, சாம்பல், குழாய் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். பார்க்கிற வரிசையும் அதுதான். "இடிச்சிட்டுப் புதுசா போட்டுரலாம்" என்ற பேச்சை அதற்கப்புறம் எடுக்கலாம்.

இங்கே சொல்வது மண்ணில் போட்ட இரட்டை அடுப்புக்கு: முன்குழி, விறகு வைக்கும் வாய், பின்னால் கொடியடுப்பு (முன்குழித் தீயிலேயே சூடாகும் இரண்டாவது குழி), அதற்கும் பின்னால் கூரைக்கு மேலே போகும் புகைக் குழாய். குழாய் இல்லாத அடுப்பு வைத்திருப்பவர்கள் குழாய் பற்றிய பகுதிகளைத் தாண்டிக்கொள்ளலாம்.

## தீ பற்றவே மாட்டேன் என்கிறது

### சில்லாட்டை எரிகிறது, விறகு பிடிக்கவில்லை

சில்லாட்டை என்பது தென்னை மட்டையின் அடியில் இருக்கும் வலைபோன்ற பன்னாடை. அது எரிந்தும் விறகு பிடிக்காவிட்டால் முதலில் விறகைப் பாருங்கள். இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'ணங்' என்று பேசும், ஈரமானது 'தொப்' என்று விழும். வெட்டுவாயில் நடுவிலிருந்து கீறல் ஓடியிருந்தால் காய்ந்துவிட்டது. பட்டை இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தால் நாளாகவில்லை. அடுப்பில் வைத்தபின் மறுமுனையில் நுரை கட்டி 'உஸ்' என்று சத்தம் வந்தால் சந்தேகமே வேண்டாம், நீங்கள் விறகை எரிக்கவில்லை, தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறீர்கள். பச்சை மரத்தில் பாதி எடைவரை தண்ணீர்தான். அது ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால்தான் புகையில்லாமல் எரியும்.

கோடையில் பிளந்து, அடியில் இரண்டு கல் வைத்து அடுக்கிய விறகு இரண்டு மூன்று மாதத்தில் தயாராகிவிடும். பிளக்காமல் உருட்டுக்கட்டையாகப் போட்டால் வருஷம் ஆனாலும் உள்ளே ஈரம் நிற்கும். தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்து மூடுவது பெரிய தப்பு, உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மேலே மட்டும் மூடி, பக்கத்தைத் திறந்துவிட வேண்டும்.

அவசரத்துக்கு: விறகைக் கையளவு சிராயாகப் பிளந்துகொள்ளுங்கள், நடுப்பகுதி காய்ந்தே இருக்கும். மறுநாளைக்கு வேண்டியதை முந்தின நாள் சமையல் முடிந்தபின் அடுப்புத் திண்டின் மேல் வைத்தால் சூட்டில் உலர்ந்துவிடும். வாய்க்குள்ளே செருகி வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். சாம்பலுக்கடியில் ஒரு கங்கு உயிரோடு இருந்தால் போதும், விடியும்முன் அதுவே பற்றிக்கொள்ளும்.

### சில்லாட்டையே எரியவில்லை

நாலைந்து நாள் அடுப்பு மூட்டாமல் கிடந்திருந்தாலோ, காலையில்தான் சாணம் போட்டு மெழுகியிருந்தாலோ அடுப்பின் தரையே ஈரமாக இருக்கும். உள்ளங்கையை உள்ளே வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருக்கும். பழைய சாம்பலை அள்ளிவிட்டு இரண்டு விரல் கனத்துக்குக் காய்ந்த சாம்பல் பரப்பி, அதன்மேல் ஒரு சிரட்டைத் துண்டை மல்லாத்தி வைத்து, அதற்குள் மூட்டுங்கள். தரை ஈரம் தீயைத் தொடாது.

மூட்டுவதற்கு எங்கள் பக்கம் சில்லாட்டை, காய்ந்த பாளை, கதம்பை நார் என்று தென்னை எல்லாம் கொடுத்துவிடுகிறது. எதுவும் நமுத்துப்போன நாளில் சிரட்டைக்குள் ஒரு துண்டு சூடம் போதும். பால் கவரைக் கொளுத்தி மூட்டும் பழக்கம் நிறைய வீட்டில் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். அந்தப் புகை உங்கள் மூச்சுக்குத்தான் போகிறது, உருகி ஒழுகுவது கையில் பட்டால் தோலோடு வரும்.

மண்ணெண்ணெய் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். தீயே இல்லாத குளிர்ந்த அடுப்பில், கதம்பையில் நனைத்து வைத்துக் கொளுத்துவது வேறு. "இன்னும் பிடிக்கலியே" என்று புகைந்துகொண்டிருக்கும் விறகின்மேல் பாட்டிலைச் சாய்ப்பது வேறு. கங்குச் சூட்டில் எண்ணெய் ஆவியாகி நிற்கும், ஒரு நொடியில் முகத்துக்கு வந்துவிடும். பெட்ரோல் எந்த நிலையிலும் கூடாது.

### எல்லாம் காய்ந்திருக்கிறது, ஆனாலும் திணறுகிறது

அடுக்கிய விதம் சரியில்லை. கனமான இரண்டு துண்டை இடமும் வலமும் தண்டவாளம்போல் வையுங்கள். நடுவில் சில்லாட்டை, அதன்மேல் விரல் கனச் சுள்ளி, குறுக்கே ஒரு சிராய். வாய் ஓரத்தில் விறகு தரையில் படியாதபடி ஒரு ஓட்டுச்சில்லையோ இரும்புக் கம்பியையோ குறுக்கே கொடுங்கள். அடியில் காற்று நுழைய வழி வேண்டும். இந்தக் குறுக்குக் கம்பி ஒன்றினாலேயே நான் பார்த்த பாதி அடுப்புகள் சரியாகியிருக்கின்றன, செலவு பத்துப் பைசா இல்லை.

## பற்றுகிறது, கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது

அடுப்பில் எத்தனை விறகு இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றே ஒன்று என்றால் அது அணையத்தான் செய்யும். ஒற்றை விறகு எரியாது. ஒன்றின் சூடு இன்னொன்றின்மேல் அடிக்க வேண்டும், அதனால் குறைந்தது இரண்டு, நல்லது மூன்று. இடையில் ஒரு விரல் சந்து.

நேர்மாறாக, ஏழெட்டைத் திணித்து வாயையே அடைத்திருந்தாலும் அணையும். பாதியை வெளியே இழுத்துவிட்டு ஊதுகுழலால் இரண்டு ஊது ஊதிப் பாருங்கள். தீ எழுந்தால் காரணம் அதுதான். ஊதும்போது சாம்பலில் ஊதக்கூடாது, கங்கு தெரியும் இடத்தில் ஊத வேண்டும். மூச்சை இழுக்கும்போது குழலை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். இதைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் குழலைக் கையில் கொடுக்காதீர்கள்.

விறகின் எண்ணிக்கை சரி, ஆனாலும் சமையல் பாதியில் மங்குகிறதா? சாம்பலைப் பாருங்கள். தரையிலிருந்து விறகின் அடிவரை ஏறியிருந்தால் காற்றுக்கு வழியில்லை. இரண்டு விரல் கனம் விட்டு மீதியை இழுத்துவிட வேண்டும். சுத்தமாக வழித்தெடுத்தால் தரை வேகமாகச் சூடு குடிக்கும், ஆகவே கொஞ்சம் இருக்கட்டும்.

அள்ளிய சாம்பலை எதில் கொட்டுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். எங்கள் மதினி ஒருநாள் ராத்திரி அள்ளிய சாம்பலைப் பிளாஸ்டிக் வாளியில் வைத்துப் பின்வாசலில் வைத்திருந்தார்கள். காலையில் வாளிக்கு அடி இல்லை. பக்கத்தில் இருந்த ஓலைக்கட்டு தப்பித்தது சாமி புண்ணியம். சாம்பலுக்குள் கங்கு மறுநாள் வரைக்கும் உயிரோடு கிடக்கும். தகரம் அல்லது மண் பாத்திரம், மூடி, சுவரை விட்டு ஒதுக்கம்.

மரமும் ஒரு காரணம். முருங்கை, கல்யாண முருங்கை போன்ற லேசான மரங்கள் கனன்று புகையுமே தவிர நின்று எரியாது. சீமைக்கருவேலம், புளி, சவுக்கு எல்லாம் நின்று எரியும். லேசான மரம்தான் இருக்கிறது என்றால் கூடவே ஒரு சிரட்டை போட்டுக்கொள்ளுங்கள். அரளிக் குச்சியைச் சுள்ளியோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள், அது மரம் முழுக்க விஷம். பெயிண்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட் துண்டு இரண்டும் சமையல் அடுப்புக்கு வேண்டாம்.

## புகை அடுக்களைக்குள் திரும்புகிறது

அதிகம் பேர் கூப்பிடுவது இதற்குத்தான், அதிகம் பேர் வீணாகப் பணம் செலவழிப்பதும் இதில்தான். எப்போது புகைகிறது என்பதை வைத்துப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

### மூட்டும்போது மட்டும், முதல் ஐந்து பத்து நிமிஷம்

குழாய் குளிர்ந்திருக்கிறது. உள்ளே கனத்த குளிர்காற்று நின்றுகொண்டு புகையை மேலே விடமாட்டேன் என்கிறது. கொடியடுப்புக் குழியில் ஒரு முழுத் தாள் பேப்பரைக் கசக்கிப் போட்டுக் கொளுத்துங்கள். அந்தச் சூடு நேரே குழாயில் ஏறும், 'குப்' என்று இழுக்கும் சத்தம் கேட்கும். உடனே முன்குழியை மூட்டுங்கள். ஒரு பைசா செலவில்லாத வைத்தியம்.

### எப்போதும் புகைகிறது

முதல் கேள்வி: கொடியடுப்பின் மேல் பாத்திரம் இருக்கிறதா? அந்தக் குழி திறந்து கிடந்தால் குழாய் அடுப்பிலிருந்து புகையை இழுக்காது, அந்தத் துளை வழியாக அறைக் காற்றைத்தான் இழுக்கும். முன்குழிப் புகை உங்கள் முகத்துக்கு வரும். சமைக்க ஒன்றுமில்லை என்றாலும் ஒரு தண்ணீர்ச் சட்டியை வைத்து மூடுங்கள். பாத்திரம் குழியைவிடச் சிறியதாக இருந்து சுற்றி இடைவெளி விட்டாலும் இதே கதைதான்.

பாத்திரம் சரியாக இருக்கிறதென்றால் ஒரு பத்தியைக் கொளுத்தி, தீயில்லாத அடுப்பின் வாயில் காட்டுங்கள். பத்திப் புகை உள்ளே சாய்ந்தால் குழாய் இழுக்கிறது, விறகையும் சாம்பலையும் மறுபடி பாருங்கள். அசையாமல் நேரே எழுந்தாலோ உங்கள் பக்கம் வந்தாலோ குழாயில்தான் கோளாறு.

குழாயின் அடியில் கரி எடுக்க ஒரு துளை வைத்து மூடியிருப்பார்கள். அடுப்பு முழுக்க ஆறியபின் பகல் வெளிச்சத்தில் அதைத் திறந்து, செல்போன் கேமராவை மேலே பார்க்க உள்ளே நீட்டி ஒரு படம் எடுங்கள். வட்டமாக வானம் தெரிய வேண்டும். வட்டம் சுருங்கிப் பிறைபோலத் தெரிந்தால் கரி படிந்திருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் கூடு, ஓலைச் சருகு, அல்லது மேல்மூடி சரிந்து விழுந்திருக்கிறது. அணில் ஒன்று எங்கள் வீட்டுக் குழாயில் ஒரு தலையணைக்கு வேண்டிய பஞ்சைச் சேர்த்து வைத்திருந்தது.

கரியை எடுப்பது சுலபம். தென்னை ஈர்க்குத் துடைப்பத்தைத் தலைகீழாகக் கயிற்றில் கட்டி, கீழே ஒரு கல்லைத் தொங்கவிட்டு, மேலிருந்து இறக்கி ஏற்றுங்கள். அடுப்பு வாயையும் கொடியடுப்பையும் ஈரச் சாக்கால் மூடிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வீடு முழுக்கக் கறுப்பு. மூக்கில் துணி கட்டுங்கள். தினமும் எரியும் அடுப்புக்கு மாதம் ஒருமுறை இது தேவை. சாரலில் வழுக்கும் ஓட்டின்மேல் ஏறாதீர்கள். வெயில் அடிக்கும் நாள் வரட்டும், அதுவரை கேஸ் இருக்கிறது.

வந்து விழும் கரியையும் ஒரு பார்வை பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் சாதாரணம். தார்போலப் பளபளவென்று ஒட்டினால் நீங்கள் ஈர விறகு எரிக்கிறீர்கள் என்று அர்த்தம். அது தீப்பிடிக்கும் சரக்கு, கடைசிப் பகுதியில் மறுபடி வரும்.

கூட்டில் இருப்பது கதண்டு (பெரிய குளவி) என்றால் கை வைக்க வேண்டாம், புகை போட்டு விரட்டிப் பார்க்கவும் வேண்டாம். தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து அகற்றுவார்கள்.

### காற்றடிக்கும் நாளில் மட்டும்

மேல்காற்று கூரையில் மோதிக் கீழே சுழன்று குழாய்க்குள் இறங்குகிறது. குழாயின் தலை கூரை முகட்டைவிட இரண்டு அடியாவது உயர்ந்திருக்கிறதா என்று தெருவில் நின்று பாருங்கள். முகட்டுக்குக் கீழே பதுங்கி நின்றால் எந்த அடுப்பும் புகையும். அடுத்து, மேலே மூடி இருக்கிறதா? மழையைத் தடுக்கவும் காற்று நேராக இறங்காமல் தடுக்கவும் அது வேண்டும். ஆனால் மூடிக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு சாணாவது இடைவெளி இருக்கட்டும், ஒட்டிப் பொருத்தினால் புகைக்கே வழி அடைபடும்.

பக்கத்து வீட்டார் மாடி எடுத்தபின் புகைய ஆரம்பித்திருந்தால் காரணம் அந்தச் சுவர்தான். சண்டைக்குப் போய்ப் பயனில்லை, குழாயை உயர்த்த வேண்டும். இது கொத்தனார் வேலை. பழைய சிமெண்ட் குழாய்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நீங்களே ரம்பம் வைத்து அறுக்காதீர்கள். உயர்த்துகிற துண்டுக்கு பி.வி.சி. குழாய் போடச் சம்மதிக்கவும் செய்யாதீர்கள். மலிவாகத்தான் இருக்கும், ஒரு வாரத்தில் வளைந்து உருகி நிற்கும்.

அதுவரைக்கும் காற்று வரும் பக்கத்து ஜன்னலைத் திறந்து எதிர்ப்பக்கத்தை மூடிப் பாருங்கள். பல வீடுகளில் இதிலேயே பாதி குறைகிறது.

### இத்தனை வருஷம் நன்றாக இருந்தது, திடீரென்று புகைகிறது

வீட்டில் என்ன மாறியது என்று கேளுங்கள். போன வருஷம் ஓர் அக்கா வீட்டில் இதேதான். குழாயைச் சுத்தம் செய்துவிட்டார்கள், கொத்தனார் வந்து மூன்றடி உயர்த்தியும் விட்டார், காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். புகை அப்படியே இருந்தது.

"எப்பக்கா ஆரம்பிச்சுது?"

"அடுக்களைக்கு அலுமினிய ஜன்னல் போட்டோம் பாரு, அதுக்குப் பொறவுதான்."

நிமிர்ந்து பார்த்தால் சுவரில் புது எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜன்னலை இறுக்கி மூடிவிட்டு ஃபேனைப் போட்டால் அது அறைக்காற்றை வெளியே தள்ளும். அந்த இடத்துக்கு வேறு காற்று எங்கிருந்து வரும்? புகைக் குழாய் வழியாகத்தான். ஃபேனை நிறுத்திப் பின்கதவைத் திறந்தேன். மூன்று நிமிஷத்தில் புகை குழாயில் ஏறிவிட்டது. அந்த அக்கா கொத்தனாருக்குக் கொடுத்த காசை இன்றும் சொல்லிக் காட்டுவார்கள், என்னவோ நான் வாங்கிய மாதிரி.

## புகையே இல்லை, ஆனால் தலை வலிக்கிறது

இதை யாரும் அடுப்புக் கோளாறாக எண்ணுவதில்லை. தணல் புகையாது, அதனால் பயமில்லை என்று நினைக்கிறோம். மூடிய அறையில் கனலும் தணல் கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், அசதி வந்து, வெளியே போனால் தெளிந்தால் அடுப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

உடனே எல்லாரையும் வெளியே அழைத்துவந்து கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். யாராவது மயங்கினால், குளறினால், வாந்தி நிற்காவிட்டால் 108. குளிருக்காகத் தணல் சட்டியைப் படுக்கை அறையில் வைப்பது, பிள்ளை பெற்றவளுக்கு அனல் காட்டிவிட்டுக் கதவைச் சாத்துவது, இரண்டும் வேண்டாம்.

## தீ நன்றாகத்தான் எரிகிறது, உலை கொதிக்கவில்லை

தீ எங்கே போகிறது என்று குனிந்து பாருங்கள். நாக்கு முன்குழிப் பாத்திரத்தின் அடியில் தொடாமல் கொடியடுப்புப் பக்கம் ஓடினால் குழாய் அளவுக்கு மீறி இழுக்கிறது. முன்குழிக்கும் பின்குழிக்கும் நடுவிலுள்ள வழியில் ஒரு செங்கல் துண்டை வைத்துப் பாதி அடைத்துப் பாருங்கள். சிலர் குழாயில் ஒரு தகடு செருகி வைத்திருப்பார்கள், அதையும் பாதி தள்ளலாம். முழுக்க அடைத்தால் புகை வீட்டுக்குள் வரும், பாதியோடு நிறுத்துங்கள்.

தீ பாத்திரத்தைச் சுற்றி வெளியே எழுந்தால் குமிழ்கள் (பாத்திரத்தைத் தாங்கும் மண் மேடுகள்) உயரம். பாத்திரத்துக்கும் அடுப்பு விளிம்புக்கும் ஒரு விரல் சந்து போதும். புது மண் அப்பி உயர்த்திய குமிழ் என்றால் கத்தியால் சீவிவிடலாம்.

பாத்திரத்தின் அடியில் கரி கனத்துக் கிடந்தாலும் சூடு ஏறாது. தேய்ப்பது தனிப் பாடு, அதைவிட ஏற்றும்முன் அடியில் ஈரச் சாம்பலையோ செம்மண் குழம்பையோ தடவிவிடுங்கள். சமைத்தபின் கரி மண்ணோடு உரிந்து வந்துவிடும். நம் ஆச்சிமார் செய்ததுதான்.

## தீ அடங்கவில்லை

விறகு அடுப்புக்குத் திருகி கிடையாது. கையால் இழுப்பதுதான் திருகி. கொதி வந்ததும் விறகை ஒரு சாண் வெளியே இழுங்கள், எரியும் முனைகள் ஒன்றையொன்று விட்டு விலகட்டும். இன்னும் குறைக்க வேண்டுமானால் ஒன்றை முழுக்க எடுத்து மணல் சட்டியில் குத்தி அணையுங்கள். சாதம் தம்மில் கிடக்க வேண்டுமென்றால் விறகை எல்லாம் எடுத்துவிட்டுத் தணலின்மேல் மெல்லிசாகச் சாம்பல் தூவுங்கள். அடுப்பில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சுடுசாம்பல் முகத்துக்கு வரும், காய்ந்த மண் வெடித்துவிடும்.

### விறகு வெளிப்பக்கமாக எரிந்து வருகிறது

வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விறகில் தீ பின்னோக்கி ஊர்ந்துவரும். தரையில் கிடக்கும் சுள்ளிக்கட்டுக்கு அது போய்ச் சேர எவ்வளவு நேரம்? வாய்க்கு முன்னால் மூன்றடி வெறுந்தரையாக இருக்கட்டும். தென்னை மட்டைதான் இந்த வேலையை அதிகம் செய்யும், நீளமாக இருக்கிறதே என்று அப்படியே செருகாமல் ஒரு முழமாக வெட்டிக்கொள்ளுங்கள். சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொண்டு உட்காருவது பழைய பேச்சு, இருந்தாலும் நைலான் துணிக்கு இன்றைக்கும் அது பொருந்தும். சுட்டுவிட்டால் இருபது நிமிஷம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள், பேஸ்ட்டும் இங்க்கும் தடவாதீர்கள்.

### வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டது

தண்ணீர் ஊற்றாதீர்கள், வாணலியைத் தூக்காதீர்கள். பக்கவாட்டிலிருந்து ஒரு தட்டைத் தள்ளி மூடுங்கள், விறகை இழுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள்.

### குழாய்க்குள் 'கோ'வென்று இரைச்சல், உச்சியில் பொறி

முன்னே சொன்ன தார்க்கரி பிடித்துக்கொண்டது. விறகை எடுத்துவிட்டு அடுப்பு வாயையும் கொடியடுப்பையும் ஈரச் சாக்காலோ தகரத்தாலோ மூடுங்கள், காற்று கிடைக்காமல் அடங்கும். குழாயில் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும். வீட்டில் உள்ளவர்கள் வெளியே வந்துவிட வேண்டும். ஓலைக் கூரையோ பக்கத்தில் வைக்கோல் படப்போ இருந்தால் யோசிக்காமல் 101 அழையுங்கள். அடங்கினாலும் கொத்தனார் வந்து குழாயில் விரிசல் பார்க்காமல் மறுபடி மூட்டாதீர்கள்.

## அடுப்பு விரிந்துவிட்டது

முடி அளவு கீறல் எல்லா அடுப்பிலும் வரும், அடுத்த மெழுகலில் அடைந்துவிடும். நகம் நுழையும் அளவென்றால் நீங்களே பூசலாம். விரல் நுழைந்தாலோ, பாத்திரத்தை வைத்ததும் குமிழ் ஆடினாலோ, குழாய் சேரும் இடம் பிளந்து புகை கசிந்தாலோ, ஆள் கூப்பிடுங்கள். மண் அடுப்புக்குக் கொத்தனாரைவிட மண்பாண்டம் செய்பவர்களுக்குக் கை நன்றாக வரும்.

சிமெண்ட் வைத்துப் பூசாதீர்கள். நான் பார்த்த சிமெண்ட் பூச்செல்லாம் சில வாரங்களில் தகடாகக் கழன்று விழுந்திருக்கிறது, போகும்போது நல்ல மண்ணையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். ஆற்றுக் கூழாங்கல்லை முட்டுக் கொடுப்பதும் வேண்டாம், ஈரம் குடித்த கல் சூட்டில் தெறிக்கும்.

கரையான் புற்று மண், அதில் கால் பங்கு உமி, ஒரு கை சாணம் சேர்த்துப் பிசைந்து ஒரு ராத்திரி புளிக்கவிடுங்கள். விரிசலை ஆணியால் கீறி அகலப்படுத்தி, தண்ணீர் தெளித்து, மண்ணை உள்ளே திணித்து அழுத்துங்கள். மேலோட்டமாகத் தடவினால் நிற்காது. நிழலில் இரண்டு மூன்று நாள் காயட்டும், சாரல் காலமென்றால் ஒரு வாரம். அவசரப்பட்டு முதல் நாளே கருவேல விறகைப் போட்டால் பூசியது வெடித்து வெளியே வரும். முதலில் ஓலையும் சருகும் மட்டும் போட்டு அரைமணி நேரம் எரியுங்கள். மறுநாள் சுள்ளியில் பால் காய்ச்சுங்கள். உலைப்பானை அதற்கு அடுத்த நாள்.